செம்பூருக்கு எடுத்துப்போன இலைப்போர்வை

இட்லித் துணியில் ஒரு இலை இருந்தது. நிஜ இலை இல்லை, இலையின் தடம். காம்பு, நடு நரம்பு, ஓரத்தில் பூச்சி தின்ற ஓட்டை எல்லாம் பழுப்பு நிறத்தில் அப்படியே பதிந்திருந்தன. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. தகரக் கூரைமேல் காயப்போட்டிருந்தபோது பக்கத்து வாதாம் மரத்திலிருந்து இலை விழுந்து துணியில் ஒட்டியிருக்க வேண்டும். விடியாத இருட்டில் அம்மா அதைக் கவனிக்காமல் துணியைத் தட்டில் விரித்து, மாவை ஊற்றி வேகவைத்துவிட்டாள். அந்த இட்லி யார் வயிற்றுக்குப் போனதோ தெரியாது.

எங்கள் வீடு தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டுக்கு உள்ளே. அம்மா இட்லி அவித்துக் கொடுப்பாள். கூடையில் சுமந்து விற்கிறவர்கள் விடிவதற்குள் வந்து வாங்கிப்போவார்கள். நான் எட்டாவதோடு பள்ளியை விட்டுவிட்டு மாவு அரைக்கவும் துணி அலசவும் வீட்டிலேயே இருக்கிறேன். வெளியே போய் விற்க என்னால் முடியாது. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். பயணம் பற்றி எழுத இவளுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் எங்கள் பக்கத்துப் பூங்காவின் இலைகளைத் துணியில் பதிப்பது எப்படி, அங்கே போவது எப்படி, எதை எங்கே வாங்குவது என்று நான் தேடியபோது தமிழில் ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். இது போன பிப்ரவரியில் ஒரு வியாழன், வெள்ளி, சனி ஆகிய மூன்று நாள்களின் கதை.

போனதற்குக் காரணம் என் அக்கா சந்தனமாரி. அவளைச் செம்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மழைக்காலத்திலிருந்து அவளுக்கு டிபி. வழக்கமான மாத்திரைக்கு அடங்காத வகை என்பது நாலு மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. வடாலாவைத் தாண்டி இருக்கிற நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆக வேண்டும், இனியும் தள்ளினால் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா போகமாட்டேன் என்று படுத்துக்கொண்டாள். அவள் கட்டடத்திலிருந்து அங்கே போன ஒரு பெண் திரும்பி வரவில்லை. “அந்தக் கட்டில் துணில எத்தனை பேரு செத்தாளோ, அதுல நான் படுக்க மாட்டேன்” என்பதுதான் கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சொன்ன பதில்.

இட்லித் துணியைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். சும்மா, சிரிப்பாள் என்று. அன்று இரவே குரல் செய்தி வந்தது. நடுநடுவே இருமல்.

“ஏட்டி இசக்கி, இது நல்லாருக்கே. இதே மாதிரி எனக்கு ஒரு போர்வை பண்ணிக் குடு. பஸ்ல போகும்போதெல்லாம் பாப்போம்லா, ஆத்தோரத்துப் பூங்கா, ஒரு நாளாவது உள்ள போனமா? அந்த இலையாப் போட்டுக் கொண்டா. அதப் போத்திக்கிட்டு அந்தக் கட்டில்ல படுத்துக்கிடுதேன். நீ கொண்டாந்தேன்னா ஆஸ்பத்திரிக்குப் போறேன். இல்லன்னா இல்ல.”

அத்தான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். செம்பூரில் ஆட்டோ ஓட்டுகிறவர். இரண்டு நாள் வண்டியை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்து, சனிக்கிழமை ஒரு கட்டில் காலியாகிறது என்று கேட்டு வந்தார். அது எப்படிக் காலியாகிறது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை இட்லி வேலை முடிந்ததும் கிளம்பினேன். எங்கள் வீட்டிலிருந்து பூங்காவுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். நடந்தால் இருபத்தைந்து நிமிடம். தாராவி பஸ் டிப்போவுக்கு எதிர்ப்பக்கம், பாந்த்ராவுக்குப் போகிற பெரிய ரோட்டை ஒட்டி வாசல் இருக்கிறது. ரோட்டைக் கடப்பதுதான் இந்தப் பயணத்திலேயே ஆபத்தான பகுதி. லாரிகள் நிற்காது. யாராவது கூட்டமாகக் கடக்கும்வரை காத்திருந்து அவர்களோடு ஓடிவிடுங்கள். நுழைவுச் சீட்டு நான் போனபோது இருபது ரூபாய்.

உள்ளே போனதும் சத்தம் பாதியாகக் குறைகிறது. நாற்றம் குறையவில்லை. ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது, அதை ஆறு என்று சொல்ல வேண்டுமானால். முன்பு நகரத்துக் குப்பையைக் கொட்டிய மேடு அது. அதன்மேல் மண்ணைப் போட்டு மரம் வைத்திருக்கிறார்கள். நடைபாதை ஓரத்தில் மண் சரிந்த ஒரு இடத்தில் பிளாஸ்டிக் பை ஒன்றின் காது வெளியே தெரிந்தது. அதன் பக்கத்திலேயே ஒரு வேர் போயிருந்தது. மேலே நல்ல நிழல். தேக்கு, வாதாம், புங்கை, பூவரசு, ஆலமரம், பெயர் தெரியாத எத்தனையோ. பிப்ரவரியில் வாதாம் இலைகள் சிவந்து உதிரும். தரையெல்லாம் சிவப்பு. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இத்தனை வருடம் வராமல் இருந்ததற்கு நான் ஒரு காரணமும் சொல்ல முடியாது.

பையைத் திறந்து இலை பொறுக்க ஆரம்பித்ததும் காவலாளி வந்துவிட்டார். மரத்திலிருந்து பறிக்கக் கூடாது என்று பலகை இருந்தது, அது எனக்குத் தெரியும். கீழே கிடப்பதையும் எடுக்கக் கூடாதாம்.

“நீச்சே கா பீ நஹீ. ஓ மிட்டீ கா ஹை,” என்றார். கீழே விழுந்தது மண்ணுக்குச் சொந்தம் என்று அர்த்தம்.

எனக்கு ஹிந்தி தெரியும். ஆனால் வாய் வரவில்லை. பையில் இருந்ததைக் கொட்டிவிட்டுத் திரும்பி நடந்தேன். வாசல் வரை போய்விட்டேன். சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. மறுபடியும் அவரிடம் போய் நின்றேன். அவராகவே என்ன என்று கேட்கும்வரை நின்றேன். “தீதீ பீமார் ஹை. ச்சாதர் பே லகானா ஹை” என்றேன். அக்காவுக்கு உடம்பு சரியில்லை, போர்வையில் வைக்க வேண்டும் என்று. அவருக்கு நாட்டு வைத்தியம் என்று பட்டிருக்க வேண்டும். எந்த இலைக்கு என்ன குணம் என்றெல்லாம் கேட்டார். நான் திருத்தவில்லை. சிமெண்டு நடைபாதையில் கிடப்பதை மட்டும் எடுத்துக்கொள், எப்படியும் கூட்டித் தள்ளுவதுதான், மண்ணில் கிடப்பதைத் தொடாதே என்றார். ஆகவே நீங்கள் போனால் முதலிலேயே கேட்டுவிடுங்கள், நடைபாதை இலைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு பை நிறையக் கிடைத்தது. காய்ந்து நொறுங்குவது உதவாது. விழுந்து ஒரு நாள் ஆன, வளைத்தால் ஒடியாத இலைதான் வேண்டும்.

பூங்காவிலிருந்து சயான் ஸ்டேஷனுக்குப் பஸ், பத்து ரூபாய். சயானிலிருந்து அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்கா, ஐந்து ரூபாய். கிழக்குப் பக்கம் இறங்கினால் மார்க்கெட். நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் கால் கிலோ வாங்கினேன். பிறகு துணிக்கடை. வயதான முதலாளி, பாலக்காட்டுத் தமிழ் பேசுகிறவர். வெள்ளைப் பருத்தித் துணி இரண்டரை மீட்டர் என்றேன்.

“நல்லதுக்கா, மத்ததுக்கா கொழந்தே?” என்று கேட்டார். “நல்லதுக்குன்னா கரை வெச்சது இருக்கு, பாரு.”

கரை போட்டிருந்தால் அந்த ஓரத்தில் இலை பதியாது, நூலும் வேறு மாதிரி இருக்கும். என் தலையில் அது மட்டும்தான் ஓடியது. கடையில் இரண்டு மாமிகள் வேறு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கரை வேண்டாம்,” என்றேன்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பின்னால் போய் எடுத்துவந்தார். “சரிம்மா. பதனமாப் போ,” என்று குரலை இறக்கிச் சொன்னார். நான் கேட்காமலே விலையில் குறைத்துக்கொண்டார். மற்றவர்களுக்குக் கொடுத்த மஞ்சள் பையில் போடாமல் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். ஒரு மாமி எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். மாட்டுங்காவில் எல்லோரும் நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டில். செய்முறை கேட்பவர்களுக்காக அதைச் சொல்கிறேன். துணியில் கடைக்கஞ்சி இருக்கும். அதைச் சலவைச் சோடா போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்து எடுக்க வேண்டும். பிறகு படிகாரம் கரைத்த வெந்நீரில் முக்கி ஊறவைக்க வேண்டும். தனியாக, துருப்பிடித்த ஆணிகளைப் புளித்த கஞ்சியில் ஊறப்போட்டு வைத்திருந்தேன். அதை மூன்று நாள் முன்பே தொடங்கிவிடுங்கள். இலைகளை அந்தத் துருத் தண்ணீரில் நனைத்து, நரம்பு எடுப்பாகத் தெரிகிற அடிப்பக்கம் துணியைத் தொடும்படி ஈரத் துணியில் அடுக்க வேண்டும். துணியை நீளவாக்கில் மடித்து, ஒரு பழைய இரும்புக் குழாயின் மேல் இறுக்கிச் சுருட்டி, கயிற்றால் வரிவரியாகக் கட்டி, ஆவியில் இரண்டு மணி நேரம். கயிறு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு தெளிவு.

எங்கள் வீட்டில் ஆவிக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அம்மாவிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

“யாவாரக் கொப்பரைல துருத் தண்ணியா? பெறவு எவன் திம்பான் நம்ம இட்லிய?” என்றாள். பரணில் இருந்த ஓட்டை அடைத்த பழைய கொப்பரையை எடுத்துத் தந்தாள். “இதுல அவி. முடிஞ்சதும் எடைக்குப் போட்ரு. அறியாம எவளாவது இதுல சோறு வச்சிரப் போறா.”

அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து மறுநாளைக்கு உளுந்து களைந்துகொண்டிருந்தாள். சனிக்கிழமை ஒரு வளைகாப்புக்குப் பெரிய ஆர்டர். அதை விட முடியாது. அதைக் கொடுத்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. நான் செம்பூருக்குப் போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

“போவாளாட்டி?” என்று அம்மா கேட்டாள். உளுந்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“போர்வை வந்தாப் போறேன்னு சொல்லிருக்காம்மா.”

“அவ சின்னப் பிள்ளைலயே அப்படித்தான். மருந்து குடிக்கதுக்கும் வளையல் கேப்பா.”

நன்றாக ஆறிய பிறகுதான் கட்டைப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் ஈரம் இழுத்துவிடும். பிரித்தபோது அம்மாவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வாதாம் இலைகள் கறுப்பும் சாம்பலுமாக, ஒவ்வொரு நரம்போடும் விழுந்திருந்தன. தேக்கு பெரிது பெரிதாக, பழைய ஊதா நிறத்தில். புங்கை இளம் மஞ்சளாக. பூவரசு மட்டும் ஏமாற்றிவிட்டது, ஈரக்கறை மாதிரி ஏதோ. துணியை மடித்திருந்ததால் ஒரே இலை இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல எதிரெதிராகப் பதிந்திருந்தது. அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள்.

“காட்டுல படுத்த மாதிரி இருக்கும்,” என்றாள். பிறகு, “ஓரத்துல மஞ்சள் வைக்க மறந்துராத. புதுத்துணி.”

“ஈரத்துல வச்சா பரவிரும்மா. காஞ்ச பெறவு வைக்கேன்.”

பூங்காவுக்கும் மாட்டுங்காவுக்கும் மட்டும் போக நினைப்பவர்களுக்கு இதற்குமேல் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. அதனால் மீதிக் குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல எனக்கு வராது. வெயிலுக்கு முன்னால் போங்கள். தண்ணீர் எடுத்துப்போங்கள். கொசு அதிகம், முழுக்கை போடுங்கள். இலையையும் துணியையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். மொத்தம் நாலு மணி நேரம் போதும், போக்குவரத்துக்கு ஐம்பது ரூபாய்க்குள்தான் ஆகும். ஆஸ்பத்திரிப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று: ஆட்டோவெல்லாம் சயானோடு நின்றுவிடும். அதைத் தாண்டித் தெற்கே போக அவர்களுக்கு அனுமதி இல்லை. உடம்பு முடியாதவர்களை நடுவில் இறக்கி வண்டி மாற்ற முடியாது, ஆகவே முதலிலிருந்தே டாக்ஸி பிடியுங்கள். இன்னொன்று, கடையில் துணி எதற்கு என்று கேட்டால் பதில் சொல்லுங்கள். எவ்வளவு பேர் பார்த்துக்கொண்டு நின்றாலும் சொல்லுங்கள்.

சனிக்கிழமை இட்லி ஆர்டர் பத்தரைக்கு முடிய வேண்டியது, பன்னிரண்டரை ஆகிவிட்டது. துணி காய்ந்திருந்தது. மடித்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். சயானிலிருந்து குர்லா, குர்லாவில் ஏறி இறங்கி ஹார்பர் லைன் பிளாட்பாரம், அங்கிருந்து இரண்டாவது ஸ்டேஷன் செம்பூர். குர்லாப் படிக்கட்டில் கூட்டம் நசுக்கும். பையை முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். செம்பூரில் ஷேர் ஆட்டோ. கட்டடத்தின் எண்ணைச் சொன்னதும் டிரைவர், “ஓ டிபி வாலா பில்டிங்?” என்று கேட்டார். கிண்டலாக இல்லை, அடையாளமாகக் கேட்டார். அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

குடிசையை எடுத்துவிட்டுக் கொடுத்த கட்டடங்கள் அவை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஒரு சந்துதான் இடைவெளி. ஜன்னலில் கையை நீட்டினால் எதிர்வீட்டுக் கம்பியைத் தொடலாம். அக்கா வீடு நாலாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஓடவில்லை. பகலிலேயே படிக்கட்டில் போன் வெளிச்சம் வேண்டும்.

அக்காவின் மாமியார் கதவைத் திறந்தாள். எனக்கு அத்தை முறை. முகத்தில் துணி கட்டியிருந்தாள்.

“வா தாயி. மாஸ்க்க மேல இழுத்து விடு. காலைலருந்து வாசலயே பாத்துட்டுக் கெடக்கா.”

அத்தை கெட்டவள் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அக்கா துப்புகிற டப்பாவைக் கழுவியது, வாந்தியைத் துடைத்தது, ஊட்டிவிட்டது எல்லாம் அத்தைதான். ஆஸ்பத்திரிக்குப் பை கட்டித் தயாராக வைத்திருந்தாள். டம்ளர், தட்டு, இரண்டு நைட்டி, பிஸ்கட்.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போன மாதம் பார்த்ததில் பாதிதான் இருந்தாள்.

“என்னட்டி, குண்டாயிட்ட,” என்றாள் என்னைப் பார்த்ததும். “அம்மா அவிக்கத பூரா நீயே தின்னுபோடுதியா? யாவாரம் எப்படி நடக்கும்?”

போர்வையை எடுத்து அவள் மடியில் விரித்தேன். விரலால் ஒவ்வொரு இலையாகத் தொட்டுப் பார்த்தாள்.

“இது தேக்கு. இது?”

“வாதாம்.”

“பூச்சி கடிச்ச ஓட்டை கூட விழுந்துருக்குட்டி.” கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். “மணக்குது. மழைல நனைஞ்ச மாதிரி. அத்தை, பாத்தேளா எந்தங்கச்சி கைவேலைய? சும்மா காலிபீலி வீட்டுல உக்காந்துருக்கான்னு சொன்னேள்ல.”

அத்தை சிரித்துக்கொண்டே வந்து, கால்பக்கம் தொங்கிய முனையைச் சேர்த்துச் செருகினாள். செருகிய கை ஓரத்தைத் தடவியது. நின்றது. இன்னொரு ஓரத்தையும் பார்த்தாள்.

“கரை எங்க?”

“கரை இல்லாததுதான் வாங்கினேன் அத்தை. இலை பதியாதுன்னு.”

“மஞ்சளாவது வச்சியா?”

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

எங்கள் ஊர்க்காரர்கள் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டிக்கொடுத்த பெண் செத்துப்போனால், அவள்மேல் கடைசியாகப் போர்த்துகிற புதுத்துணி பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். கோடி என்போம். மற்றப் புதுத்துணிக்கெல்லாம் ஓரத்தில் மஞ்சள் வைப்போம், கோடிக்கு வைக்கமாட்டோம். கரையில்லாத வெள்ளைத் துணி, மஞ்சள் இல்லாமல், பிறந்த வீட்டிலிருந்து, தங்கை கையில் வந்திருந்தது. மாட்டுங்காக் கடைக்காரர் ஏன் குரலை இறக்கினார் என்பதும் எனக்கு அந்த நிமிடத்தில்தான் விளங்கியது.

வார்த்தையை அத்தை சொல்லவில்லை. அக்காதான் சொன்னாள். “கோடியாக்கும்? கெட்டிக்காரிதான் இசக்கி. இருக்கும்போதே கொண்டாந்துட்டா, நானும் பாத்துக்கிடலாம்லா.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி ரொம்ப நேரம் நிற்கவில்லை. அத்தை டப்பாவைப் பிடித்தாள். இருமல் நின்றபோது அக்கா முகத்தில் சிரிப்பு இல்லை. போர்வையைக் காலால் தள்ளிவிட்டாள்.

“நான் போவல.”

“சந்தனம், அவ தெரியாமச் செஞ்சிட்டா,” என்றாள் அத்தை.

“தெரியாமத்தான். நானும் தெரியாமத்தான் கேட்டேன். நான் போவல அத்தை.”

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். போன் அடித்தது. அத்தான், ஆஸ்பத்திரியிலிருந்து. அத்தை ஸ்பீக்கரில் போட்டாள்.

“கெளம்பியாச்சா? நாலு மணி வரைக்குந்தான் கட்டில நமக்குன்னு வைப்பாங்களாம். இங்க இன்னொரு பொம்பள வந்து கட்டிலுக்குக் கீழயே உக்காந்துருக்கா. ஜல்தி வாங்க.”

“ஹலோ, ஹலோ,” என்றார். அத்தை, “வாரோம்யா” என்று வைத்துவிட்டாள். சுவர்க் கடிகாரத்தில் இரண்டே கால்.

அத்தை மஞ்சள் டப்பாவை எடுத்துவந்து, தண்ணீர் தொட்டுக் குழைத்து, போர்வையின் நாலு மூலையிலும் வைத்தாள். அக்கா திரும்பாமலே சொன்னாள்.

“இப்ப வச்சி? வீட்டுக்குள்ள வந்தாச்சுல்ல. எம்மேல போத்தியாச்சுல்ல.”

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “எனக்கும் மனசு கேக்கலயேட்டி,” என்றாள் என்னிடம், மெதுவாக. “கண்ணால பாத்துட்டு எப்படி நான் போன்னு சொல்ல? வேற ஒருத்தி உடுத்திக் கழிச்சான்னா பழசாயிரும், கோடி இல்லன்னு ஆயிரும். இத எவ உடுத்துவா? யார்ட்ட போய்க் கேக்க?”

போர்வை தரையில் கிடந்தது. எடுத்து உதறினேன். தலையிலிருந்து போர்த்தி, இரண்டு முனையையும் கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். மஞ்சள் ஈரம் கன்னத்தில் ஒட்டியது.

“ஏட்டி, அதக் கழத்து,” என்று அத்தை எழுந்தாள். “கல்யாணம் ஆவாத பிள்ள. உங்கம்மாக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? கழத்துன்னு சொல்லுதேன்லா.”

அக்கா திரும்பிப் பார்த்தாள். நான் கழற்றவில்லை. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, படிக்கட்டில் இறங்கினேன். மூன்றாவது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்து ஒதுங்கினாள். ரோட்டுக்கு வந்தேன். முதல் டாக்ஸி ஆஸ்பத்திரிப் பெயரைக் கேட்டதும் போய்விட்டது. இரண்டாவதும் போனது. மூன்றாவது வண்டிக்காரர் என் போர்வையையும் கன்னத்து மஞ்சளையும் பார்த்தார், வண்டியை வாசலுக்குத் திருப்பினார். கதவைத் திறந்து பையை உள்ளே வைத்தேன். பிறகு இரண்டு கட்டடத்துக்கும் நடுவே இருந்த சந்தில் போய் நின்று, நாலாவது மாடி ஜன்னலைப் பார்த்து, “அக்கா, வண்டி வந்துட்டு,” என்று கத்தினேன்.